பைதான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் இடையே நேரத்தை அனுப்பும்போது ஐந்தரை மணி நேரம் எங்கே நழுவுகிறது?

காவிரிக்கரை கேட்டது:

வணக்கம். இணையவழி இசை வகுப்புகளுக்கான முன்பதிவுத் தளம் ஒன்றை நானும் இன்னும் இருவரும் பராமரித்து வருகிறோம். ஆசிரியர்கள் பெரும்பாலும் சென்னையில் இருக்கிறார்கள். மாணவர்கள் சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ ஆகிய ஊர்களில் இருந்து சேர்கிறார்கள். சேவையகம் பைதானில் எழுதப்பட்டது. நினைவூட்டல் மின்னஞ்சல்களை ஜாவாவில் எழுதிய தனிச் சேவை ஒன்று அனுப்புகிறது. உலாவியில் ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட். மூன்றும் ஜேசான் (தரவை எழுத்தாக்கி அனுப்பும் வடிவம்) வழியாகவே பேசிக்கொள்கின்றன. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ்.

ஆசிரியர் ‘15 மார்ச் 2025, சனிக்கிழமை, மாலை 6:30’ என்று பதிந்தால், பைதான் அதை யுடிசிக்கு (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம்) மாற்றி, ஆஃப்செட்டை (யுடிசியோடு உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் குறிப்பு) கழற்றிவிட்டு, நேர மண்டலம் இல்லாத டைம்ஸ்டாம்ப் வகையில் சேமிக்கிறது. ஜேசானில் வெளியே வருவது ‘2025-03-15டி13:00:00’ என்ற சரம் (எழுத்துத் தொடர்). இது சென்னையில் பிற்பகல் 1:00 என்று தெரிந்ததால், எங்களுக்கு முன் இதைப் பார்த்துக்கொண்டவர் ஆசிரியர்களின் பக்கத்தில் மட்டும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டும் வரி ஒன்றைச் சேர்த்திருக்கிறார். மாணவர்களின் பக்கத்தில் அந்த வரி இல்லை. இரவு 9:00 மணிக்கு வர வேண்டிய சிங்கப்பூர் மாணவருக்கும் பிற்பகல் 1:00 என்றே காட்டுகிறது. லண்டன் மாணவருக்கு மட்டும் சரியாக இருந்தது. மார்ச் 30க்குப் பிறகு அவரும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து காத்திருக்கத் தொடங்கினார்.

ஜாவா சேவையைச் சேவையகத்தில் ஓட்டினால் நினைவூட்டல் சரியான நேரத்துக்குப் போகிறது. அதே நிரலை என் மடிக்கணினியில் ஓட்டினால் ஐந்தரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுகிறது. இது போதாதென்று, 14 ஜூன் 2012 அன்று பிறந்த ஒரு மாணவியின் பிறந்தநாள் தரவுத்தளத்தில் 13 ஜூன் என்று பதிவாகியிருக்கிறது.

‘எல்லாவற்றையும் யுடிசியில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்றுதான் எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். பிறகும் ஏன் இப்படி நடக்கிறது?

மணிக்கூண்டு எழுதியது:

நீங்கள் யுடிசியில்தான் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அது யுடிசி என்பதை அந்தச் சரம் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் சரத்தின் முடிவில் யுடிசியைக் குறிக்கும் ‘இசட்’ என்ற எழுத்தோ, ‘+00:00’ என்ற ஆஃப்செட்டோ இல்லை. முத்திரையில்லாத கடிதத்தைப் பெறுகிறவர் தன் ஊரில் இருந்தே வந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வதைப் போல, ஒவ்வொரு மொழியும் தான் இருக்கும் கணினியின் நேரமாக அதை எடுத்துக்கொள்கிறது. நீங்கள் சொன்ன மூன்று நேரக் கோளாறுகளும் இந்த ஒரே காரணத்தால் வந்தவை. பிறந்தநாள் மட்டும் வேறு கதை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஜாவாஸ்கிரிப்டின் விதிப்படி, நாளும் மணியும் இருந்து ஆஃப்செட் இல்லாத சரம் உலாவி இருக்கும் ஊரின் நேரமாகப் படிக்கப்படும். அதனால்தான் சென்னையிலும் சிங்கப்பூரிலும் ஒரே 1:00 தெரிந்தது. குளிர்காலத்தில் லண்டனின் நேரமும் யுடிசியும் ஒன்றே என்பதால் அங்கே தற்செயலாகச் சரியாக இருந்தது. 2025இல் பிரிட்டனின் கோடைநேரம் (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் ஏற்பாடு) மார்ச் 30 அன்று தொடங்கியதும் அந்தத் தற்செயலும் முடிந்துவிட்டது. ஜாவாவில் நீங்கள் அதை மண்டலம் இல்லாத லோக்கல்டேட்டைம் ஆகப் படித்து, பிறகு கணினியின் இயல்பு மண்டலத்தை அதற்குக் கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சேவையகத்தின் இயல்பு மண்டலம் யுடிசி, உங்கள் மடிக்கணினியினுடையது இந்திய நேரம். நிரல் ஒன்றே என்றாலும் ஓடும் இடம் விடையை மாற்றிவிடுகிறது.

பைதானில் டேட்டைம் பொருள் இரண்டு விதமாக இருக்கும்: தன் மண்டலத்தை அறிந்தது, அறியாதது. ‘யுடிசிநவ்’ என்ற செயற்கூறு தருவது, பெயரில் யுடிசி இருந்தும், மண்டலம் அறியாத பொருளைத்தான். அதன் மீது ‘டைம்ஸ்டாம்ப்’ என்று கேட்டால் பைதான் அதை உள்ளூர் நேரமாக எண்ணியே கணக்கிடும். இந்தியக் கணினியில் விடை ஐந்தரை மணி நேரம் தவறும். இந்தக் குழப்பத்தாலேயே பைதான் 3.12இல் அதைக் கைவிட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ‘நவ்’ என்பதற்குள் யுடிசி மண்டலத்தைக் கொடுத்து அழையுங்கள். அப்போது அதைச் சரமாக்கும் ஐசோஃபார்மட் தரும் விடை தானாகவே ‘+00:00’ என்று முடியும்.

போஸ்ட்கிரெஸில் நெடுவரிசையை டைம்ஸ்டாம்ப்டிஇசட் வகைக்கு மாற்றுங்கள். பெயரைப் பார்த்து அது மண்டலத்தைச் சேமிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், சேமிப்பதில்லை. உள்ளே வரும் நேரத்தை யுடிசிக்கு மாற்றி வைத்துக்கொண்டு, கேட்கும்போது இணைப்பின் மண்டலத்தில் தருகிறது. மாற்றும்போது பழைய மதிப்புகள் யுடிசி என்பதைக் கட்டளையிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இணைப்பின் மண்டலத்தை அது எடுத்துக்கொள்ளும். அது இந்திய நேரமாக இருந்தால் மொத்த அட்டவணையும் ஒரே கட்டளையில் நகர்ந்துவிடும்.

ஆஃப்செட்டைச் சேர்த்த பிறகும் சிறு உரசல்கள் வரும். ஜாவாஸ்கிரிப்ட் ‘இசட்’ என்று எழுதும், பைதான் ‘+00:00’ என்று எழுதும். சரத்தைப் படிக்கும் பைதானின் ஃப்ரம்ஐசோஃபார்மட் 3.11 பதிப்பில் இருந்துதான் ‘இசட்’ எழுத்தை ஏற்கிறது. ஜாவாவின் இன்ஸ்டன்ட் என்ற நேர வகை ஜாவா 12ஆம் பதிப்புக்கு முன் ‘+00:00’ என்பதை ஏற்காது. ஜாவாவின் இன்னொரு வகையான ஆஃப்செட்டேட்டைம் இரண்டையும் ஏற்கும் என்பதால் அதையே பயன்படுத்துங்கள். பைதான் மைக்ரோவினாடி வரை ஆறு இலக்கம் எழுதும், அது சுழியமாக இருந்தால் பின்னத்தையே விட்டுவிடும். ஜாவாஸ்கிரிப்டின் டேட் பொருளோ மில்லிவினாடிக்கு மேல் எதையும் வைத்துக்கொள்ளாது. ஆகவே உலாவிக்குப் போய்த் திரும்பிய நேரத்தைத் தரவுத்தளத்தில் உள்ள நேரத்தோடு சமமா என்று ஒப்பிட்டால் சில சமயம் சமமில்லை என்று வரும். இந்தப் பிழையைத் தேடி ஒரு முழு வாரம் நான் இழந்திருக்கிறேன்.

இனிப் பிறந்தநாள். நாள்காட்டியில் 14 ஜூன் என்று தேர்ந்தெடுத்ததும் உலாவி அதை இந்திய நேரப்படி நள்ளிரவு 12:00 என்று வைத்துக்கொள்கிறது. அதை டூஐசோஸ்டிரிங் மூலம் சரமாக்கினால் யுடிசிக்கு மாறி ‘2012-06-13டி18:30:00.000இசட்’ என்று வருகிறது. உங்கள் பைதான் நிரல் அதில் முதல் பத்து எழுத்துகளை மட்டும் வெட்டி எடுக்கிறது என்பது என் ஊகம். எதிர்த் திசையிலும் இதே ஆபத்து உண்டு: ‘2012-06-14’ என்று நாளை மட்டும் ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்தால், மணி இருக்கும் சரத்துக்கு உள்ள விதிக்கு மாறாக, அதை யுடிசி நள்ளிரவாகப் படிக்கும். சென்னையில் அது 14ஆம் தேதி காலை 5:30 என்பதால் ஒன்றும் தெரியாது. டொராண்டோவில் 13ஆம் தேதி இரவு 8:00 ஆகிவிடும். பிறந்தநாள் என்பது ஒரு கணம் அல்ல, நாள்காட்டியில் உள்ள ஒரு கட்டம். அதற்கு மண்டலமே கிடையாது. பைதானில் டேட், ஜாவாவில் லோக்கல்டேட், ஜேசானில் பத்து எழுத்துச் சரம், போஸ்ட்கிரெஸில் டேட் வகை என்று வைத்துக்கொண்டு, உலாவியில் ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனியாகப் பிரித்தே கையாளுங்கள். அப்படிப் பிரிக்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் மாதத்தைச் சுழியத்தில் இருந்து எண்ணுகிறது என்பதை மறக்க வேண்டாம்; ஜூன் அதற்கு 5.

தறிநூல் எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு? 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளை ஓர் எண்ணாக அனுப்பிவிட்டால் மண்டலம், எழுத்து, ஆஃப்செட் என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன்.

மணிக்கூண்டு எழுதியது:

நடந்து முடிந்த ஒரு கணத்தைக் குறிக்க எண் நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண் வினாடியா, மில்லிவினாடியா என்பதையும் எண் சொல்வதில்லை. பைதான் வினாடியில் தருகிறது, ஜாவாஸ்கிரிப்ட் மில்லிவினாடியில் எதிர்பார்க்கிறது, ஜாவாவில் இரண்டும் கிடைக்கும். மேலே சொன்ன வகுப்பின் நேரம் வினாடியில் 1742043600. அதை அப்படியே ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்தால், சென்னை உலாவியில் வகுப்பு 21 ஜனவரி 1970, காலை 9:24 மணிக்கு என்று காட்டும். திருப்பி, மில்லிவினாடியைப் பைதானிடம் வினாடியாகக் கொடுத்தால் ஆண்டு 57,000ஐத் தாண்டும்; பைதானின் டேட்டைம் 9999ஆம் ஆண்டோடு நின்றுவிடுவதால் அது பிழை எழுப்பும். பிழை எழுப்புவது மேல், 1970 என்று காட்டுவதுதான் வம்பு. நானோவினாடி எண்ணை ஜேசானில் எண்ணாகவே அனுப்பினால் அது ஜாவாஸ்கிரிப்ட் துல்லியமாக வைத்துக்கொள்ளக்கூடிய முழு எண்ணின் எல்லையைத் தாண்டிவிடும், கடைசி இலக்கங்கள் மாறிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் பதிவேட்டைப் பார்த்துப் பிழை தேடும்போது ‘2025-03-15’ என்று தொடங்கும் சரம் கண்ணுக்குப் புரியும். பத்து இலக்க எண் புரியாது.

வன்னிமரம் எழுதியது:

மேலே சொன்னவை நடந்து முடிந்தவற்றுக்குப் பொருந்தும். ஆனால் கேள்வி கேட்டவரின் வகுப்புகள் இனி நடக்கப் போகிறவை. அவற்றை யுடிசியில் மட்டும் வைப்பது தவறு என்பது என் கருத்து.

நான் இலங்கையைச் சேர்ந்தவன். மின்சாரத் தட்டுப்பாட்டின்போது, 1996 மே 25 அன்று எங்கள் கடிகாரம் யுடிசிக்கு ஐந்தரையில் இருந்து ஆறரை மணி நேரம் முந்தியதாக மாற்றப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணி நேரமானது. 2006 ஏப்ரல் 15 அன்று மீண்டும் ஐந்தரைக்கே வந்தது. 2006 மார்ச்சில் ஒருவர், மே மாதத்தில் காலை 9:00 மணிக்கு ஒரு கூட்டம் என்று பதிந்து, நிரல் அதை அன்றைய ஆறு மணி நேரக் கணக்கில் யுடிசி 3:00 என்று சேமித்திருந்தால், மே மாதம் அது கொழும்பில் காலை 8:30 என்றே காட்டியிருக்கும். கூட்டத்தை யாரும் மாற்றவில்லை. அரசு கடிகாரத்தை மாற்றியது, அவ்வளவுதான். இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. மெக்சிகோவின் பெரும்பகுதி 2022இல் கோடைநேரத்தைக் கைவிட்டது, எகிப்து 2023இல் அதை மீண்டும் கொண்டுவந்தது. லெபனானில் 2023 மார்ச்சில் கோடைநேரத்தைத் தள்ளிவைக்கும் முடிவு, அது தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்புதான் அறிவிக்கப்பட்டது. சில நிறுவனங்கள் அதை ஏற்றன, சில ஏற்கவில்லை, சில நாள்களிலேயே அரசும் பின்வாங்கியது. எந்த நிரல் இதை முன்கூட்டியே அறிந்திருக்க முடியும்?

ஆகவே வரப்போகும் நிகழ்ச்சிக்கு, மனிதர் சொன்னதைச் சொன்னபடியே வையுங்கள்: ஆஃப்செட் இல்லாத உள்ளூர் நேரம் ஒரு நெடுவரிசையில், ‘ஏஷியா/கோல்கட்டா’ என்பது போன்ற மண்டலப் பெயர் இன்னொன்றில். யுடிசி நேரத்தை அவற்றில் இருந்து கணக்கிட்டுத் தேடலுக்காக மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம். மண்டலத் தரவு (ஒவ்வொரு மண்டலத்தின் நேர விதிகளின் தொகுப்பு) மாறும்போது அதை மறுபடி கணக்கிட வேண்டும். மண்டலப் பெயருக்குப் பதில் ‘ஐஎஸ்டி’ என்ற சுருக்கத்தை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்கும் அதே சுருக்கம்தான்.

ஜேசானிலும் இரண்டு புலங்களாகவே அனுப்புங்கள். ஜாவாவின் ஸோன்டுடேட்டைம் பொருளைச் சரமாக்கினால் ஆஃப்செட்டுக்குப் பின் சதுர அடைப்புக்குறிக்குள் மண்டலப் பெயரையும் ஒட்டி எழுதும். இந்த வடிவத்தை 2024இல் ஆர்எஃப்சி 9557 என்ற இணையத் தர ஆவணம் தரப்படுத்தியிருக்கிறது என்றாலும், பைதானின் ஃப்ரம்ஐசோஃபார்மட் அதைப் படிக்காது, ஜாவாஸ்கிரிப்டின் பழைய டேட் பொருளுக்கும் அது புரியாது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, மண்டலத் தரவு எல்லா மொழிக்கும் ஒரே இடத்தில் இல்லை என்பது. ஜாவா தன் நிறுவலுக்குள் தனிப் பிரதி ஒன்றை வைத்திருக்கிறது. பைதானின் ஸோன்இன்ஃபோ முதலில் இயங்குதளத்தின் தரவைத் தேடும், கிடைக்காவிட்டால் டிஇசட்டேட்டா என்ற தொகுப்பை நாடும். மாணவரின் உலாவியோ அவர் எப்போது புதுப்பித்தாரோ அன்றைய நிலவரத்தில் இருக்கும். ஒரு நாடு தன் விதியை மாற்றினால், ஒரே பெயரையும் ஒரே உள்ளூர் நேரத்தையும் பெற்ற மூன்று மொழிகள் சில வாரங்களுக்கு மூன்று விடை சொல்லக்கூடும். அதனால் கணக்கை ஓரிடத்தில், உங்கள் பைதான் சேவையகத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்குக் கணக்கிட்ட கணத்தை அனுப்புவதே நல்லது.

வாராந்தர வகுப்பு என்றால் இன்னொரு முடிவும் தேவை: அது யாருடைய கடிகாரத்தைப் பின்பற்றுகிறது? சென்னை ஆசிரியரின் 6:30 நிலையானது என்றால் லண்டன் மாணவருக்குக் குளிர்காலத்தில் பிற்பகல் 1:00, கோடையில் 2:00. மாணவரின் 1:00 நிலையானது என்றால் ஆசிரியருக்குக் குளிர்காலத்தில் 6:30, கோடையில் 5:30. இதை நிரலர் தானாக முடிவு செய்யக் கூடாது. ஆசிரியரிடம் கேளுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. முதல் பதிலில் ஊகித்த இரண்டும் அப்படியே உண்மை. பத்து எழுத்தை வெட்டும் வரியும், ஜாவாவில் இயல்பு மண்டலத்தை எடுக்கும் வரியும் அகப்பட்டன. ஆசிரியர்களிடம் கேட்டோம். வகுப்பு சென்னைக் கடிகாரப்படியே நடக்கட்டும் என்று விட்டார்கள்.

உள்ளூர் நேரத்தையும் மண்டலப் பெயரையும் சேர்க்க, பழைய பதிவுகளைப் பெயர்த்துக்கொண்டிருக்கும்போது புதிதாக ஒன்றைக் கண்டோம். சுமார் நாற்பது வகுப்புகள் மாலை 6:30க்குப் பதில் 6:07 என்று வருகின்றன. ஐந்தரை மணி நேரம் தவறினால் புரிகிறது, ஒரு மணி நேரமும் புரிகிறது. இருபத்து மூன்று நிமிடத் தவறு எந்த ஊர்க் கணக்கு?

மணிக்கூண்டு எழுதியது:

கொல்கத்தாவின் பழைய கணக்கு. அந்தப் பதிவுகளை எழுதிய நிரலில் பைடிஇசட் என்ற நூலகம் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் மண்டலப் பொருளை டேட்டைமுக்குள் நேரடியாகக் கொடுத்தால், அந்த மண்டலத்தின் வரலாற்றில் உள்ள முதல் பதிவையே அது எடுத்துக்கொள்ளும். ‘ஏஷியா/கோல்கட்டா’வின் முதல் பதிவு, சூரியனைக் கொண்டு கணித்த கொல்கத்தாவின் உள்ளூர் நேரம்: யுடிசிக்கு 5 மணி 53 நிமிடம் 28 வினாடி முந்தியது. நூலகம் அதை 5:53 ஆக்குகிறது. மாலை 6:30இல் இருந்து 5:53ஐக் கழித்தால் யுடிசி 12:37; அதை இன்றைய ஐந்தரை மணி நேரக் கணக்கில் திருப்பினால் 6:07.

அதே தரவுத் தொகுப்பில் இதற்குப் பின் 5:21:10 என்று ஒரு பதிவு இருக்கிறது; அது 1906 ஜனவரியில் இந்தியத் திட்ட நேரம் வருவதற்கு முன் இருந்த மதராஸ் நேரம். நூலகம் தவறி அதை எடுத்திருந்தால் (5:21 ஆக்கி) உங்கள் வகுப்புகள் 6:39 மணிக்கு நடந்திருக்கும். நம் ஊர் நேரம் என்று கொஞ்சம் ஆறுதலாவது கிடைத்திருக்கும்.

அந்த நூலகத்தில் சரியான வழி, மண்டலப் பொருளின் லோக்கலைஸ் செயற்கூறின் மூலம் நேரத்தைக் கொடுப்பது. பைதான் 3.9இல் இருந்து ஸோன்இன்ஃபோ உடன் வருவதால், அதற்கே மாறிவிடுவது நல்லது. அதில் மண்டலத்தை நேரடியாகக் கொடுத்தாலும் இந்தக் கோளாறு வராது.

காவிரிக்கரை எழுதியது:

இருக்கிறது. பழைய வகுப்புகளை விரிதாளில் இருந்து ஏற்றுவதற்கென்று யாரோ எழுதிய நிரல் ஒன்றில் இருக்கிறது. இப்போது என் கவலை, அந்த நாற்பது பதிவுகளை மற்றவற்றில் இருந்து எப்படி நம்பிக்கையோடு பிரிப்பது என்பதுதான்.

வன்னிமரம் எழுதியது:

உங்கள் வகுப்புகள் எல்லாம் முழு மணியிலோ அரை மணியிலோதான் தொடங்கும் என்றால் எளிது. சரியாகச் சேமித்தவை யுடிசியில் 00 அல்லது 30 நிமிடத்தில் முடியும். கெட்டவை 07 அல்லது 37இல் முடியும். அவற்றுக்கு மட்டும் 23 நிமிடம் கூட்டுங்கள். கூட்டும் முன் ஒரு பிரதி எடுத்துவைத்துக்கொண்டு, ஆசிரியர்களின் கைக்குறிப்போடு நாலைந்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனிமேல் சோதனைகளை ஓட்டும்போது கணினியின் மண்டலத்தை ஒருமுறை டொராண்டோவாகவும், ஒருமுறை காத்மாண்டுவாகவும் மாற்றி ஓட்டுங்கள். நேபாளம் 5:45 என்பதால், யாராவது ஐந்தரையை நிரலில் கையால் எழுதியிருந்தால் பதினைந்து நிமிட வித்தியாசமாக உடனே வெளியே வரும்.

காவிரிக்கரை எழுதியது:

ஒப்பிட்டுப் பார்த்தோம், பொருந்துகிறது. 41 பதிவுகளைத் திருத்திவிட்டோம். காத்மாண்டுவில் வைத்து ஓட்டியபோது, ஆசிரியர் பக்கத்தில் இருந்து நீக்கிய அதே ஐந்தரை மணி நேர வரி, வகுப்புச் சான்றிதழ் அச்சிடும் பகுதியிலும் இருப்பது தெரிந்தது. அதையும் எடுத்துவிட்டோம்.